தட்டில் எதுவும் மிஞ்சக் கூடாது

1

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தான். என் சின்னம்மா மகனோடு படித்தவன். "அண்ணா, உங்க ஊர்ல சும்மா படுத்துக்கினு இருந்தாலே காசு குடுக்கறாங்களாமே? மாத்திரய முழுங்கிட்டு டிவி பாத்துக்கினு இருக்கணும், அவ்ளோதானாமே? யூடியூப்ல ஒருத்தன் சொல்றான். அது இன்னா வேலைங்க, கொஞ்சம் வெவரமா சொல்லுங்களேன்."

அவன் யாரோ ஒரு அண்ணனிடம் பொதுவாகக் கேட்டதாக நினைத்திருப்பான். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறான். கடந்த சில வருடங்களில் நான் மூன்று முறை அப்படிப் படுத்து எழுந்து வந்திருக்கிறேன். அவனுக்கும், அவனைப் போல பஸ் ஸ்டாண்டில் போனை நோண்டிக்கொண்டு வெளிநாட்டுக் கனவு காண்கிற மற்றவர்களுக்கும் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுவில் ஒரு குளிர்ந்த நகரம். கிடங்கு ஒன்றில் சரக்கு அடுக்குகிற வேலை. ஊரில் கேட்டால் 'லாஜிஸ்டிக்ஸ்' என்பேன். இங்கே புது மருந்து எதுவும் நோயாளிக்குப் போவதற்கு முன்னால் நோயில்லாத உடம்பில் போட்டுப் பார்க்கிறார்கள். அதற்கென்று தனி வார்டு இருக்கிறது. உள்ளே போய்விட்டால் முடியும் வரை அங்கேயே தூக்கம், சாப்பாடு, எல்லாம். வெளியே வரும்போது ஒரு தொகை கொடுப்பார்கள். அதைக் கூலி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. 'உங்கள் சிரமத்துக்கான ஈடு' என்பார்கள். நம்மை 'தன்னார்வலர்' என்பார்கள். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு லோடோடு இரவு பகலாகக் காத்துக்கிடந்தவர்களை யாரும் தன்னார்வலர் என்று கூப்பிட்டதில்லை. அந்த மரியாதை எனக்கு இங்கே கிடைத்தது.

2

முதலில் உடம்பைச் சோதிப்பார்கள். மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குப் புதிதாக எதுவும் இருக்காது. எடை, உயரம், நரம்பு, பல், நாக்கு. முழங்கை மடிப்பில் தட்டிப் பார்த்து, "அருமையான நரம்பு" என்று ஒரு பெண் சொன்னாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னைப் பற்றி ஒருவர் மனதாரச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

பிறகு ஒரு டாக்டர் எதிரில் உட்கார்ந்து, குடும்ப வரலாறு ஏதாவது உண்டா என்று கேட்டார். நானும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். எங்கள் தாத்தா காலத்தில் இரண்டு காணி இருந்தது, அப்பா காலத்தில் அதில் கரும்பு போட்டோம், போர்க் கிணறு வற்றியதும் பாதியை விற்றோம் என்று ஆரம்பித்து ஆலை தர வேண்டிய கரும்புப் பண நிலுவை வரைக்கும் வந்துவிட்டேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் கேட்டது நோய்களைப் பற்றி" என்றார். அப்பா எதில் இறந்தார் என்றார். பாம்பு கடித்து, கரும்பு வெட்டும்போது என்றேன். அது பரம்பரையாக வராது என்று சிரித்துக்கொண்டே டிக் அடித்தார். நானும் கூடவே சிரித்தேன். அன்றிரவு முழுவதும் அந்தச் சிரிப்புக்காக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

தேர்வாகிறவர்கள் கொஞ்சம்தான். ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என் மனைவி மல்லிகா கசகசா அரைத்துவிட்டுக் கோழிக் குருமா வைத்தாள். திங்கட்கிழமை சிறுநீரில் அபின் இருப்பதாகச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள். கசகசாவும் அபினும் ஒரே செடியில் வருவதாம். பிறந்ததிலிருந்து ஒரு பீடி கூடக் குடிக்காதவன் நான். அங்கே இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பெரிய கடத்தல்காரனாகவே ஆகிவிட்டேன். இன்னொரு முறை அம்மா பார்சலில் அனுப்பிய கல்வராயன் மலைக் கடுக்காய்ப் பொடி. வயிற்றுக்கு நல்லது என்று தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிட்டு வந்தேன். மூலிகை ஏதாவது எடுக்கிறீர்களா என்றார்கள், பெருமையாக ஆமாம் என்றேன். அதோடு சரி. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள், அதற்குள் இடம் நிரம்பிவிட்டது. மிச்சப் பொடியை மல்லிகா குப்பையில் கொட்டினாள். அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லி வருகிறேன்.

தம்பி, குறித்துக்கொள். நம் சாப்பாடு, நம் வைத்தியம் இரண்டையும் உடம்பிலிருந்து கழுவிய பிறகுதான் இவர்கள் உன்னை மனிதன் என்று ஒத்துக்கொள்வார்கள்.

3

உள்ளே போனதும் பையைப் பிரித்துக் கொட்டிப் பார்ப்பார்கள். மிட்டாய், சூயிங்கம், காபித் தூள் எல்லாம் போய்விடும். மணிக்கட்டில் எண் போட்ட பட்டை ஒன்றை மாட்டுவார்கள். பிறகு கையில் ஊசியைச் செருகி அப்படியே விட்டுவிடுவார்கள், ஒவ்வொரு முறையும் குத்த வேண்டாம் பாருங்கள். மாத்திரை போட்ட நாளில் அதிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி ஈசிஜி எடுப்பார்கள், பிய்க்கும்போது முடியும் சேர்ந்து வரும். சிறுநீரைச் சொட்டு விடாமல் ஜாடியில் பிடித்துக் கொடுக்க வேண்டும். குளியலறையில் அதிக நேரம் இருந்தால் வந்து கதவைத் தட்டுவார்கள். மாத்திரை விழுங்கியதும் டார்ச் அடித்து நாக்குக்கு அடியில் பார்ப்பார்கள். சாப்பாடும் அவர்கள் சொன்னதுதான், அவர்கள் சொன்ன நேரத்தில், அவர்கள் சொன்ன அளவு.

இதையெல்லாம் வலி என்று சொல்ல மாட்டேன். காய்ந்த கரும்புச் சோகை கிழித்த கைக்கு ஊசி ஒரு பொருட்டில்லை. நாள் முழுக்க யாரோ என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் ஒருவர் கூட என்னைப் பார்ப்பதில்லை. அதுதான் தாங்கவில்லை.

மூன்றாவது முறை போனபோது அப்படியில்லாத ஒருத்தி இருந்தாள். நர்ஸ் ஷைனி, கோட்டயத்துப் பெண். இங்கே வருவதற்கு முன்னால் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்ததால் தமிழ் தெரியும். என் ஊரைக் கேட்டதும், "கள்ளக்குறிச்சியா? கல்வராயன் மலைக்கு நான் கேம்ப் வந்திட்டுண்டு. ஜீப்புல போயி எனக்கு வாந்தி வந்தது" என்றாள். மலையைப் பற்றி அவளுக்கு நினைவிருந்தது அந்த வாந்தி ஒன்றுதான், ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிலிருந்து ரத்தம் எடுக்க வரும்போதெல்லாம் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

4

மூன்றாவது முறை போகக் காரணம் விசா. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் மூன்று பேருக்கும் விசா முடிகிற தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நீட்டிக்க வேண்டுமானால் ஆளுக்கு ஒரு கட்டணம். அதோடு, வரப்போகிற வருடங்களில் எங்களுக்கு நோய் வந்தால் பார்ப்பதற்கென்று ஆளுக்கு இன்னொரு கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கிடங்கில் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். கையில் இருந்தது போதவில்லை. ஆக, வராத நோய்க்குப் பணம் கட்டுவதற்காக நோயில்லாத உடம்பை வாடகைக்கு விடப் போனேன். சோதனை முழுவதையும் முடித்தால்தான் முழுத் தொகை. நடுவில் விதியை மீறியதாகச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டால் கிள்ளிக் கொடுப்பதுதான். அப்படி நடந்தால் தேதிக்குள் விண்ணப்பம் போட முடியாது, தேதி தாண்டினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் கீர்த்தனாவுக்குப் பள்ளிக்கூடத்தின் பெரிய பரீட்சை அந்த வருடம்.

கீர்த்தனா இங்கேயே வளர்ந்தவள். நான் தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில் வரும். 'என் அப்பா மருத்துவ ஆராய்ச்சியில் இருக்கிறார்' என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை, அதனால் திட்டவும் முடியவில்லை. ஊரில் 'கம்பெனி டிரெய்னிங்' என்று சொல்லிவிட்டுத்தான் நானும் கிளம்பினேன்.

அப்பாவின் திதிக்கு முன்பே சோதனை முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் சேர்ந்தேன். மருந்து வந்து சேரத் தாமதம் என்று எல்லாவற்றையும் தள்ளிப் போட்டார்கள். அப்பாவின் திதி வார்டு நாட்களுக்குள் வந்து விழுந்தது. போனில் மல்லிகா அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து கீர்த்தனா, திதியை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டது காதில் விழுந்தது. பல் டாக்டரிடம் நேரம் மாற்றுகிற மாதிரி கேட்டாள். கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? என் வீட்டில் திதி என்று ஒன்று நடந்து அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. அப்போதும் விசா நீட்டிப்புதான். குடியேற்ற அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். அப்பா இறந்துவிட்டார், போக வேண்டும் என்று போன் செய்தால், முதலில் உங்கள் விண்ணப்ப எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள். பிறகு, பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டால் விண்ணப்பத்தை நீங்களே வாபஸ் வாங்கியதாக எடுத்துக்கொள்வோம் என்றார்கள். ரொம்பவும் பணிவாகச் சொன்னார்கள். மூத்த மகன் நான் இங்கே நின்றுகொண்டிருக்க, தம்பி சேகர் அங்கே கொள்ளி வைத்தான். அன்றிலிருந்து திதியும் அவன்தான் கொடுக்கிறான்.

எங்கள் வீட்டில் திதி என்றால் படையல் போட்டுவிட்டு, மாடிச் சுவர் மேல் இலை வைத்துக் காக்கையைக் கூப்பிடுவார்கள். காக்கை வந்து வாய் வைக்கும் வரை யாரும் சாப்பிட மாட்டார்கள். வந்து எடுத்துவிட்டால் அப்பாவே வந்து எடுத்த மாதிரி. வராவிட்டால் அவருக்கு என்னவோ குறை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

5

ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம் எனக்கு இங்கே காலைச் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு அறைக்குப் போக எங்களை வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். சேகர் கூப்பிட்டான்.

"அண்ணா, காக்கா வரமாட்டேங்குதுண்ணா. எல வச்சி எம்மா நேரமாவுது. கூப்ட்டு கூப்ட்டு தொண்ட வறண்டு போச்சி. பக்கத்து வூட்டு மாடி மேல நாலு குந்திக்கினு இருக்குது, இந்தாண்ட திரும்பிக்கூட பாக்கல."

"அம்மா சாப்ட்டுச்சா?"

"எங்க சாப்டுது? சுகர் மாத்திரய போட்டுக்கினு அப்பிடியே குந்திக்கினு இருக்குது. கை நடுங்குது, சொன்னா கேக்கல. பெரியப்பா வேற, 'பெரிய மவன் கையால ஒரு வாட்டிகூட வெக்கல, அதான் என் தம்பி வரமாட்டேங்கறான்'னு சொல்லிக்கினே இருக்கறாரு. வந்தவங்க அல்லாரும் பசியில இருக்கறாங்க."

அம்மா போனை வாங்கிக்கொண்டது. "ஏம்பா, வேலையா இருக்கிறியா? ஒண்ணும் இல்ல, நீ அங்கியே ஒரு வா சோறு எடுத்து வெச்சிடு. எங்க வெச்சா இன்னா? அவரு வந்துடுவாரு. அவருக்கு இன்னா விசாவா வேணும்?"

சரிம்மா என்று சொல்லி போனை வைத்தேன்.

அன்றைய காலைச் சாப்பாடு மருந்தின் ஒரு பகுதி. நிறையக் கொழுப்போடு சாப்பிட்டால் மாத்திரை எப்படி ரத்தத்தில் ஏறுகிறது என்று பார்ப்பதற்காக அளந்து சமைத்தது. வெண்ணெயில் பொரித்த இரண்டு முட்டை, பன்றி இறைச்சித் துண்டுகள், எண்ணெயில் வறுத்த உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு பெரிய கோப்பைப் பால். அரை மணி நேரத்துக்குள் தட்டு துடைத்த மாதிரி இருக்க வேண்டும். அதன் பிறகுதான் மாத்திரை. சைவம் கிடையாது. இதற்கெல்லாம் சம்மதம் என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தேன், அன்று திதி இந்த நாளில் வராது என்றிருந்தது. அப்பா திதியன்று எங்கள் வீட்டில் வெங்காயம் கூட நறுக்க மாட்டார்கள்.

தட்டைப் பார்த்தேன். படைக்கிற மாதிரி அதில் இருந்தது ரொட்டி ஒன்றுதான். இறைச்சியின் கொழுப்புப் படாத மூலையாகப் பார்த்து ஒரு துண்டு பிய்த்தேன். கைத்துடைக்கும் காகிதத்தில் வைத்து, பக்கத்தில் இருந்த ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அந்தக் கட்டடத்தில் ஜன்னல்கள் திறக்காது. கீழே கார் நிறுத்துகிற இடத்தில், குப்பைத் தொட்டிப் பக்கம் ஒரு காக்கை நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது. 'அப்பா, இவ்வளவுதான்பா முடிஞ்சுது, வந்து எடுத்துக்கோ' என்று மனதுக்குள் சொன்னேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் கையால் அவருக்கு ஒரு வாய் வைத்துவிட்டேன் என்று நெஞ்சு கொஞ்சம் லேசானது. பிறகு முட்டையைச் சாப்பிட்டேன். பன்றி இறைச்சியை மெல்லாமல் பாலோடு விழுங்கினேன்.

தட்டைச் சரிபார்க்க ஷைனி வந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் விளிம்பைப் பார்த்தாள்.

"அண்ணா, அது என்ன?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

காகிதத்தை விரலால் விலக்கினாள். ரொட்டித் துண்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பலியா? யாருக்கு?" என்றாள். அவர்கள் ஊரில் திதிச் சோற்றுக்கு அதுதான் பேர்.

"அப்பாவுக்கு. இன்னிக்குத் திதி."

"நாங்க கிறிஸ்டியன்ஸ். ஆனா பக்கத்து வீட்டுல வெக்கும், எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "அண்ணா, ஒரு சின்ன பீஸ் விட்டாலும் நான் எழுதணும். எழுதினா உங்களை இன்னிக்கே வெளியில அனுப்பும்" என்றாள்.

"பாக்காத மாதிரி போயிட முடியாதா சிஸ்டர்?"

அவள் கூரை மூலையில் இருந்த கேமராவைக் கண்ணால் காட்டினாள். "எனக்கும் விசா உண்டு அண்ணா. அது இவங்க கையிலதான் இருக்கு."

அவள் மேல் எனக்கு அப்போது கோபம் வந்தது. தெரியாத வெள்ளைக்காரி ஒருத்தி, இது என்ன அசிங்கம் என்று முகத்தைச் சுளித்திருந்தால் தாங்கியிருப்பேன். எல்லாம் தெரிந்தவள் நின்று சொல்கிறாளே என்றிருந்தது. இப்போது நினைத்துப் பார்த்தால், தெரிந்ததால்தான் எழுதாமல் நின்றுகொண்டிருந்தாள் என்று புரிகிறது.

"இன்னும் டைம் இருக்கு" என்றாள் மெதுவாக. "இப்ப கழிச்சா, சாப்பிட்டா, ஒரு பிரச்சனையும் இல்லை. ஸாரி அண்ணா. நான் பாத்துட்டுதான் நிக்கணும்."

எழுந்து வெளியே போகலாம். எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல் போகலாம் என்று அவர்களே முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மல்லிகா நினைவுக்கு வந்தாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிற பெண் நினைவுக்கு வந்தாள். கீழே அந்தக் காக்கை குப்பைத் தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்து எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

காகிதத்திலிருந்து ரொட்டியை எடுத்து வாயில் போட்டேன். ஆறிப்போய் ரப்பர் மாதிரி இருந்தது. ஷைனி பால் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். அப்பாவுக்கு வைத்ததை நானே தின்றேன், ஒருத்தி நின்று சரிபார்க்க. முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினேன். அவள் அதைக் கேட்கவே இல்லை, பழக்கத்தில் நானாகத் திறந்துவிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முழுவதும் சாப்பிட்டதாகக் கையெழுத்துப் போட்டாள்.

சோதனை முடிந்தது, பணம் வந்தது, விசாவும் கிடைத்தது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது.

மாத்திரை போட்டு ரத்தம் எடுக்கக் கை நீட்டிப் படுத்தபோது சேகர் மறுபடி கூப்பிட்டான்.

"இன்னாண்ணா, வெச்சியா?"

"வெச்சேன்."

"எடுத்துச்சா?"

நாக்கில் வெண்ணெய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எடுத்துச்சிடா" என்றேன். "முழுசா எடுத்துச்சி."

"எடுத்துடுச்சாம்!" என்று அவன் அங்கே கத்துவது கேட்டது. "அம்மா, அண்ணன் வெச்சத எடுத்துடுச்சாம்!" எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். யாரோ, எல போடுங்க, எல போடுங்க என்றார்கள். பெரியப்பா, "நான் சொல்லல? பெரியவன் கைக்குத்தான் காத்துக்கினு இருந்தான்" என்றார். பாத்திரம் இழுபடும் சத்தத்துக்கு நடுவே அம்மா போனை வாங்கியது.

"அவருக்கு உம்மேல கோவமே இல்லப்பா, பாத்தியா? நீ இன்னும் பச்சத் தண்ணிகூட குடிச்சிருக்க மாட்ட. போ சாமி, இப்ப போயி சாப்புடு."